மொறிஸ் மைனரின் முன்கால்

பழைய மோட்டார் கார் ஒன்றில் இயந்திரம் பழுதுற்றால் ஊரே அறியும். புகை வரும், இரைச்சல் வரும், ஏற்றத்தில் ஏற மறுக்கும். ஆனால், முன்சில்லைத் தாங்கி நிற்கும் மூட்டு தேய்ந்துபோனால், அக்காரை நாள்தோறும் செலுத்துபவருக்கும் அது தெரியாதிருக்கலாம். இயந்திரம் நின்றால் கார் தெருவோரத்தில் நிற்கும், அவ்வளவே. மூட்டுக் கழன்றாலோ சில்லு உள்ளே மடிந்து, காரின் ஒரு மூலை நிலத்தில் இடிக்கும். உள்ளே இருப்பவர் யார், எதிரே வருவது எது என்பதைப் பொறுத்தே அதன்பின் நிகழ்வது அமையும்.

இந்த அபாயத்தைப் பற்றி, மொறிஸ் மைனர் என்னும் காரை முன்வைத்துப் பேச விரும்புகிறேன். நம் நாட்டில் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கார்களுள் இதற்குத் தனியிடம் உண்டு. ஆசிரியர்களும் இலிகிதர்களும் வைத்தியர்களும் விரும்பி வாங்கிய கார் இது. இங்கிலாந்தில் மொறிஸ் நிறுவனத்துக்காக இதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948 ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார் கண்காட்சியில் இது முதன்முதலாக வைக்கப்பட்டது. 1970களின் தொடக்கம் வரை ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டன. சிறிய காருக்கு இவ்வளவு நல்ல கால்களை அதற்கு முன் எவரும் கொடுக்கவில்லை என்று அக்காலத்தில் பலர் புகழ்ந்தனர். பின்னர் 1959 இல் வந்த மினி என்னும் காரும் இவருடைய ஆக்கமே.

இத்தனை ஆண்டுகள் கழிந்தும் இக்கார் நம்மிடையே நிலைத்ததற்கு அன்பு மட்டுமே காரணம் அன்று. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, இருந்ததைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்லாதிருந்த காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடி நோயாளரையும் பிள்ளைகளையும் ஏற்றிச் சென்றவை இவ்வகைப் பழைய ஆங்கிலக் கார்களே. 2020 இல் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. பழைய காரைப் பழுதுபார்த்து ஓட்டும் பழக்கம் நமக்குப் புதிதன்று. 1990களின் தொடக்கத்தில், பாத் நகரில் மைனர் கார்களுக்கென்றே நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயர் என்னும் ஆங்கிலேயர், தனபால சமரசேகர என்னும் இலங்கையரோடு சேர்ந்து, இக்காரின் பாகங்களை நம் நாட்டிலேயே செய்வித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. மொறிஸ் பிறந்த நாட்டுக்கே மொறிஸின் பாகங்களை நாம் ஏற்றுமதி செய்தோம்!

இனி, காலுக்கு வருவோம். காரின் பாரத்தைச் சில்லுகளின்மேல் மெத்தென இருத்தும் தாங்கல் அமைப்பை ஆங்கிலத்தில் சஸ்பென்ஷன் என்பர். மைனரின் பின்புறத்தில் மாட்டுவண்டிக்காரரும் அறிந்த வில்தட்டுகளே இருக்கின்றன. முன்புறம் வேறு. அங்கே சுருள்வில்லும் இல்லை, வில்தட்டும் இல்லை. சில்லுக்கு அருகிலிருந்து முன் ஆசனத்தின் அடிவரை காரின் நீளப்பாட்டில் ஓடும் உருக்குத் தண்டு ஒன்று பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது. ரோர்ஷன் பார் என்று கராஜ்களில் சொல்லப்படும் முறுக்குத் தண்டு இதுவே. ஈரத்துணியின் ஒரு முனையை ஒருவர் இறுகப் பிடித்திருக்க, மறுமுனையை மற்றவர் முறுக்குவதைக் கண்டிருப்பீர்கள். முறுக்கிய கையைச் சற்றே தளர்த்தினால் துணி தானே திரும்பப் பார்க்கும். அவ்வாறே இத்தண்டின் பின்முனை காரின் அடிச்சட்டத்தில் பிணைக்கப்பட்டுள்ளது. முன்முனை கீழ்க்கை என்னும் இரும்புக் கையில் பொருந்தியுள்ளது. சில்லு மேடேறும்போது கை உயரும், தண்டு முறுகும், மேடு கடந்ததும் தண்டு கையைக் கீழே தள்ளும்.

கீழ்க்கையின் வெளிமுனையில் இருக்கிறது நாம் பேசவந்த மூட்டு. அதன் பெயர் ட்ரனியன். கிங் பின் என்று மெக்கானிக்குகள் அழைக்கும் நிமிர்ந்த தண்டு ஒன்றிலேதான் சில்லின் அச்சு பொருத்தப்பட்டிருக்கிறது. அத்தண்டின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் திருகாணிக்கு இருப்பதுபோன்ற புரிகள் வெட்டப்பட்டுள்ளன. மேலே ஒரு ட்ரனியனும் கீழே ஒரு ட்ரனியனும் அப்புரிகளில் மூடிபோலத் திருகப்பட்டிருக்கும். நாம் திசைதிருப்பியைத் திருப்பும்போது கிங் பின் அப்புரிகளிலேயே சுழல்கிறது.

பாரம் செல்லும் வழியைச் சற்றுக் கவனியுங்கள். மைனரின் எடை ஏறத்தாழ 750 கிலோ. ஆள் ஏறாதபோதே ஒவ்வொரு முன்சில்லின் மேலும் 200 கிலோ அளவில் அமர்கிறது. அந்தப் பாரம் முழுவதும் அடிச்சட்டத்திலிருந்து முறுக்குத் தண்டுக்கும், தண்டிலிருந்து கீழ்க்கைக்கும், கையிலிருந்து கீழ் ட்ரனியனுக்கும், அங்கிருந்து அந்தப் புரிகளின் வழியாகக் கிங் பின்னுக்கும் போகிறது. புரிகளைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை. ஊறுகாய்ப் போத்தலை மூடியைப் பிடித்துத் தூக்குவது போன்றது இது. மூடியின் புரி நன்றாக இருக்கும்வரை போத்தல் விழாது. புரி தேய்ந்தபின்போ, ஒருநாள் மூடி கையில் இருக்கும். போத்தல் தரையில் கிடக்கும். மைனரிலும் கீழ் ட்ரனியன் கிங் பின்னிலிருந்து இவ்வாறே உருவிக்கொண்டு கழன்றுவிடும். பெரும்பாலும் மெதுவாகச் சென்று சட்டென்று திருப்பும்போது, வீட்டு வாசலிலோ சந்தியிலோ இது நேர்வதாகச் சொல்வர். அப்படி நேர்ந்தால் அது நல்லூழ். கிண்ணியாப் பாலத்தின் நடுவில், குடும்பத்தோடு போகையில் நேராது என்று யார் பொறுப்பேற்பது?

ட்ரனியனைக் கொல்வது ஓட்டம் அன்று, வறட்சி. புரிகளுக்கிடையே கிறீஸ் இருக்கும்வரை இரும்பு இரும்பைத் தின்னாது. அதற்காகவே ஒவ்வொரு ட்ரனியனிலும் கிறீஸ் நிப்பிள் ஒன்று வைத்திருக்கிறார்கள். புதிய கார்களில் அடைத்து மூடிய மூட்டுகளே பெரும்பாலும் இருப்பதால், இக்காலத்து சேர்விஸ் நிலையங்களில் கிறீஸ் அடிக்கும் வழக்கமே அருகிவிட்டது. பழைய மைனரைக் கொண்டுபோய் விட்டாலும், எண்ணெய் மாற்றிக் கழுவித் துடைத்துத் தருவார்கள். கழுவும் நீர் இருந்த கிறீஸையும் கொண்டுபோகும்.

துறைமுகப் பகுதியில் வாழும் நமக்கு இன்னொரு பகை உண்டு. உப்புவெளிக்குப் பெயரிலேயே உப்பு இருக்கிறது. கடற்காற்றின் ஈரமும், நிலாவெளிப் பக்கத்துக் குறுமணலும், வாடைக் காலத்தில் தெருக் குழிகளில் தேங்கும் நீரும் சேர்ந்து ட்ரனியனின் ரப்பர் வளையத்தைத் தாண்டி உள்ளே போகின்றன. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை அக்கரைக்குச் சென்ற கார்கள் படகுத் துறையில் இறங்கி ஏறின. அந்நாளில் இப்பகுதியில் ஓடிய கார் ஒன்றை இப்பொழுது வாங்குவோர் அதன் அடிப்பாகத்தை மும்முறை பார்க்கவேண்டும். உப்பு, மூட்டுகளோடு நிற்பதில்லை. முறுக்குத் தண்டின் பின்முனையைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தையும், பின் வில்தட்டுகள் மாட்டப்பட்ட இடங்களையும் அது உள்ளிருந்து அரிக்கிறது. வெளியே தார் பூசிய அழகு மட்டும் மிஞ்சும். ஆகவே எந்த வேலையைத் தொடங்குமுன்னும் ஒரு திருப்புளியால் அவ்விடங்களைக் குத்திப் பாருங்கள். தகடு உள்வாங்கினால், அங்கே ஜக் வைக்கக் கூடாது. அக்காருக்கு முதலில் வேண்டியது ட்ரனியன் அன்று, நல்ல வெல்டிங் வேலை.

சோதனை எளிது. கைப்பிரேக்கை இழுத்து, பின்சில்லுகளுக்குத் தடை வைத்து, ஜக்கைக் கீழ்க்கையின் வெளிமுனைக்கு அடியில் கொடுத்து முன்சில்லை நிலத்திலிருந்து இரண்டங்குலம் உயர்த்துங்கள். கீழ்க்கைக்கு அடியில் என்பதை மறக்கக் கூடாது. காரின் உடம்பில் ஜக்கை வைத்தால் முறுக்குத் தண்டு கையைக் கீழே அழுத்தி மூட்டை இறுக்கிப் பிடித்திருக்கும், தேய்வு வெளிப்படாது. இப்பொழுது ஒரு கையால் டயரின் உச்சியையும் மறுகையால் அடியையும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், வீட்டில் ஒருவரைக் கால்பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுபோனால் குறை சில்லின் பெயாரிங்கில். நில்லாவிட்டால் கிங் பின்னிலும் ட்ரனியனிலும். அடுத்து, ஓர் அலவாங்கை டயரின் அடியில் கொடுத்துச் சில்லை மேலே நெம்புங்கள். கீழ் ட்ரனியனில் கண்ணை வைத்திருங்கள். கீழ்க்கை அசையாதிருக்கக் கிங் பின் மட்டும் மேலே எழுந்து இறங்கினால் புரிகள் தேய்ந்துவிட்டன என்பது உறுதி. அன்றைக்கே காரை நிறுத்திவிட வேண்டும். "இந்த மாதம் மட்டும் ஓட்டுவோம்" என்னும் பேச்சு இங்கே செல்லாது.

நான் பொறியியல் கற்றவன் அல்லன், கலைப் பட்டதாரி. எனினும் இவ்வேலையைக் கைப்பழக்கமும் பொறுமையும் உள்ள இருவர் தம் வளவிலேயே செய்யலாம் என்று துணிந்து கூறுவேன். அதற்கு முதல் நிபந்தனை, காரைத் தாங்க இரண்டு நல்ல இரும்புத் தாங்கிகள். செங்கல்லும் சீமெந்துக் கல்லும் முன்னறிவிப்பின்றி நொறுங்கும், தென்னங்குற்றி உருளும். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையைக் கொடுப்பவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

இரண்டாவது, சாவிகள். இக்கார் அங்குல அளவில் செய்யப்பட்டது. யப்பானியக் கார்களுக்காக நாம் வாங்கிய மில்லிமீற்றர் ஸ்பனர்கள் இதற்குச் சரிவராது. அரை அங்குலம் 12.7 மில்லிமீற்றர், 13 ஆம் இலக்கச் சாவி அதில் தளர்வாக உட்கார்ந்து நட்டின் மூலைகளை உருட்டிவிடும். 1957 இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தது. அக்காலத்துக் கப்பல் பட்டறையில் தொழில் செய்தோரின் வீடுகளில் அங்குல ஸ்பனர்கள் இன்னும் பெட்டியில் கிடந்தால், தயவுசெய்து அவற்றைப் பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

மூன்றாவது, உதிரிப் பாகம். கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடலாம். இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். ட்ரனியனை மட்டும் வாங்குவது சிக்கனம்போலத் தோன்றும். ஆனால் தேய்ந்த கிங் பின்னில் புதிய ட்ரனியனைத் திருகினால் பழைய புரி புதியதை விரைவிலேயே தின்றுவிடும். புதிய ட்ரனியனைப் பழைய பின்னில் திருகிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பின்னையும் மாற்றவேண்டும். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் பாகங்கள் வெவ்வேறு. கடைக்காரர் எது கொடுத்தாலும் ஒப்பிட்டுப் பார்த்தே வாங்குங்கள். தேய்ந்த பின்னை வெல்டிங் வைத்து நிரப்பி, கடைசல் இயந்திரத்தில் புதுப் புரி வெட்டித் தருவாரும் உளர். அவர்களின் கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனால், சூடேறிய உருக்கு முன்னிருந்த உரத்தோடு இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. அத்தகைய பின்னை நான் என் காருக்குப் போடமாட்டேன்.

முதல்நாள் மாலையிலேயே எல்லா நட்டுகளையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, மண்ணெண்ணெயும் இயந்திர எண்ணெயும் கலந்து ஊறவிடுங்கள். மறுநாள் முன்புறத்தை உயர்த்தி, அடிச்சட்டத்தின் உறுதியான இடத்தில் தாங்கிகளை வைத்துச் சில்லைக் கழற்றுங்கள். ஒரே நேரத்தில் ஒரு பக்கத்தையே பிரிக்கவேண்டும். பூட்டும்போது ஐயம் எழுந்தால் மறுபக்கம் மாதிரியாக நிற்கும்.

இப்பொழுது வருவதுதான் கவனிக்கவேண்டிய இடம். கீழ்க்கை இரண்டு பாதிகளால் ஆனது. முறுக்குத் தண்டு பிணைந்திருப்பது பின்பாதியில். ஜக்கைப் பின்பாதிக்கு அடியில் கொடுத்துச் சற்றே உயர்த்தி, தண்டின் விசையை ஜக் ஏற்கும்படி செய்யுங்கள். அவ்வாறு செய்யாமல் மூட்டைப் பிரித்தால், முறுகிய தண்டு கையைக் கீழே அடிக்கும். அந்த அடி விரலில் விழுந்தால் விரல் போகும். ஜக் உறுதியாக நிற்கிறது என்று கண்டபின், முன்னே செல்லும் இழுதண்டின் கவையில் உள்ள போல்ட்டைக் கழற்றுங்கள். பின், கையின் பாதிகளைப் பிணைக்கும் நட்டுகளை நீக்கி முன்பாதியை இழுத்தெடுங்கள். ட்ரனியனைக் கையோடு கோக்கும் குறுக்கு ஊசியை உருவியதும், சில்லின் அச்சும் பிரேக்கும் மேல் மூட்டில் மட்டும் தொங்கும். அந்தப் பாரத்தைப் பிரேக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் மேலே கட்டிவையுங்கள். கீழ்முனையைச் சற்று வெளியே இழுத்து, பழைய ட்ரனியனைத் திருகிக் கழற்றலாம். அதன் உட்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள். புரிகள் கூர்மழுங்கிக் கத்தி விளிம்புபோல மெலிந்திருப்பதைக் கண்டால், இதுவரை எதை நம்பி ஓடினோம் என்பது விளங்கும்.

கிங் பின்னையே மாற்றவேண்டுமானால் மேல் ட்ரனியனையும், சில்லின் அச்சையும், பிரேக் பாகங்களையும் பிரிக்கவேண்டும். பிரேக் எண்ணெய் சிந்தும்; காற்று உட்புகும். பிரேக்கைப் பிரித்துப் பழகாதவர் அங்கே நிறுத்தி, அனுபவமுள்ள மெக்கானிக்கை வீட்டுக்கே அழைப்பது நன்று. முறுக்குத் தண்டைக் கழற்றுவதும் அத்தகையதே. கார் ஒருபக்கம் தாழ்ந்துபோனால் தண்டைக் கழற்றி அதன் பற்களை நகர்த்திப் பூட்டுவார்கள். அது வளவில் செய்யும் வேலை அன்று.

புதிய ட்ரனியனின் புரிகளில் கிறீஸ் தடவி, ரப்பர் வளையத்தை மறவாது வைத்து, முழுவதும் திருகி, பின் ஒரு சுற்று அளவு திரும்பத் தளர்த்துங்கள். சில்லு இடக்கோடி முதல் வலக்கோடிவரை இறுக்கமின்றித் திரும்ப அந்த இடைவெளி வேண்டும். கையின் உட்புற மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்களையும் இவ்வேளையிலேயே மாற்றிவிடலாம், விலை அற்பம். ரப்பருக்கு எண்ணெயோ கிறீஸோ இடாதீர்கள். அப்புஷ்களின் நட்டுகளை இறுதியாக இறுக்குவது கார் தன் சில்லுகளில் நின்றபின்னரே. தொங்கும் நிலையில் இறுக்கினால், கார் இறங்கும்போது ரப்பர் முறுகி விரைவில் கிழியும். கழற்றிய கொட்டர் பின்களை மறுபடி பாவிக்க வேண்டாம், புதியவற்றைப் போடுங்கள்.

மைனரின் ஷொக் அப்சோர்பரே மேற்கையாகவும் வேலை செய்கிறது என்பது இக்காரின் ஒரு புதுமை. மட்கார்டை அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒருமுறை எழுந்து அமர்ந்தால் நன்று. தொட்டில்போல ஆடினால் உள்ளே எண்ணெய் குறைந்திருக்கும். அதற்குரிய எண்ணெயை ஊற்றலாம்; ஒழுகினால் பழுதுபார்ப்பவரிடமே போகவேண்டும்.

எல்லாம் பூட்டியபின் முன்சில்லுகளின் நேரையும் அளந்துகொள்ள வேண்டும். அச்சின் உயரத்தில், இரு டயர்களுக்கும் இடையே முன்புறத்தில் ஓர் அளவும் பின்புறத்தில் ஓர் அளவும் எடுங்கள். முன்னளவு பின்னளவிலும் 3/32 அங்குலம், அதாவது இரண்டரை மில்லிமீற்றருக்குச் சற்றே குறைவாக, சிறுத்திருக்க வேண்டும். பெரிதும் வேறுபட்டால் டயர் ஓரம் தேயும். அடுத்து, இருபக்க நிப்பிள்களிலும் கிறீஸ் கன்னால் புதுக் கிறீஸ் விளிம்பில் பிதுங்கும்வரை அடியுங்கள். சில்லு நிலத்தைத் தொடாத நிலையில் அடித்தால், பாரம் அழுத்தாத புரிகளுக்குள் அது எளிதாகச் செல்லும்.

முதல் ஐம்பது மைல் ஓடியதும் நட்டுகளையும் அலவாங்குச் சோதனையையும் ஒருமுறை பார்த்து, மீண்டும் கிறீஸ் அடியுங்கள். அதன்பின் ஆயிரம் மைலுக்கு ஒருமுறை போதும். மைல்மானி ஓடாத மைனர்களே நம்மிடையே மிகுதி. அவற்றை உடையவர்கள் மாதந்தோறும் போயா விடுமுறையன்று காலையில், வெயில் ஏறுமுன் அடித்துவிடலாம். பத்து நிமிட வேலை.